கூரையில் இரண்டு தகரம்

அவர்கள் கழற்றியது இரண்டு தகரம்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் ஆளுக்கொரு மாதிரி சொன்னார்கள். கேட்டுக் கேட்டு, நானும் பயத்தில் எங்கேயாவது மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று என் வாய் மீதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ரோட்டுக்குக் கீழே ஒரே வரிசையாக அறைகள் ஒட்டிக் கட்டிய லயத்தில் கடைசிக் காம்பரா எங்களுடையது. எங்களுடையது என்று சொல்லலாமா கூடாதா என்பதுதான் வழக்கே. மனைவியின் அப்பா அந்தக் காம்பராவில் பிறந்தவர். அவள் அங்கிருந்துதான் கொழுந்து பறிக்கப் போனாள். நான் கல்யாணம் முடித்து அங்கே வந்து சேர்ந்தவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தோட்டத்தில் பேர் பதியாமல், தலவாக்கலை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலைக்குப் போனவன். மனைவிக்கு மூச்சிழுப்பு வந்து மலை ஏற முடியாமல் போனதும் அவளும் நின்றுகொண்டாள். அதோடு எங்கள் வீட்டில் தோட்டத்துக்குப் பேர் கொடுத்தவர் யாரும் இல்லை. வேலையில் பேர் இல்லாதவனுக்குக் காம்பரா இல்லை என்பார்கள். அது எழுதிவைத்த சட்டமா, வாய்ச் சட்டமா என்று யாரும் கேட்டதில்லை. ரோட்டோரமாக, கார் நிறுத்தி டீ குடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு கடை கட்டப்போகிறார்கள், அதற்கு எங்கள் மூலைதான் பொருத்தமாம் என்று ஒரு பேச்சு இருந்தது. அது உண்மையா என்றும் எனக்குத் தெரியாது.

முன்வாசல் இஸ்தோப்பை ஒட்டி ஒரு தகரச் சாய்ப்பு இறக்கி, அதில் மனைவி தையல் மெஷின் போட்டிருந்தாள். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், கடைக்குப் போகவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவரும் இரண்டு வாச்சர்மாரும் வந்தார்கள். இந்தச் சாய்ப்புக்கு அனுமதி இல்லை என்றார்கள். ஏணி வைத்து இரண்டு தகரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். உத்தியோகத்தர் போனில் படம் எடுத்தார். மனைவி குடையைப் பிடித்துக்கொண்டு வாயில் வந்ததெல்லாம் சொன்னாள். நடுவில், "மெஷினு நனையுதுய்யா, கண்ணு தெரியல?" என்றாள். ஒரு வாச்சர் இறங்கிவந்து, அங்கே கிடந்த உரப்பையை எடுத்து மெஷினை மூடிவிட்டுத் திரும்ப ஏணியில் ஏறினார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் தொடவில்லை.

அதற்கு ஒரு வாரம் கழித்து மனைவிக்கு இழுப்பு கூடி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அது குளிரில் எப்போதும் வருகிறதுதான்.

தோட்டத்தை நடத்துவது கம்பெனி, நிலம் அரசாங்கத்தினுடையது என்பதால், அதற்குப் பிறகு அரசாங்க அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட்ட, வெளியேறச் சொல்லும் அறிவித்தல் வந்தது. அதற்குப் பிறகு கோர்ட்டு. கூண்டில் என்னென்னவோ கேட்பார்கள் என்று நான் வாரக்கணக்கில் பதில்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மாமனார் எந்த ஊரில் பிறந்தார், லைட் எப்போது வந்தது, எல்லாம். நீதவான் கேட்டது ஒரே கேள்வி. இந்த இடத்தில் இருப்பதற்கு அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? எங்கள் லயத்தில் யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. இல்லை என்றேன். வெளியேற வேண்டும் என்று உத்தரவு ஆகிவிட்டது. சட்டப்படி அவர் வேறொன்றும் கேட்க முடியாதாம். நான் படித்து வைத்த பதிலெல்லாம் வயிற்றிலேயே கிடந்தன.

எங்களுக்காக நின்ற டவுன் லோயர் நல்ல மனிதர். கோர்ட்டு வாசலில் நின்று, கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அண்ணே, இனி இது என் கையில இல்ல. கொழும்புல மேன்முறையீட்டுக் கோர்ட்டுக்குப் போகணும். அப்பீலு, உரிமை வழக்கு இதுலயே பழகின ஆளாப் பாருங்க. நான் வந்து நின்னா எனக்கே காலு நடுங்கும்."

"அதுவரைக்கும்?"

"பிஸ்கால் வர்றதுக்குள்ள தடை உத்தரவு எடுக்கணும். அவரு எப்ப வருவாருன்னு நான் சொல்ல முடியாது."

பிஸ்கால் என்றால் கோர்ட்டு உத்தரவை நிறைவேற்ற வருகிற உத்தியோகத்தர். பொலிசோடு வருவார். சாமானை ரோட்டில் எடுத்து வைப்பார். அவரை அதுவரை நான் பார்த்ததே இல்லை. பார்க்காததால், ரோட்டில் நிற்கிற வண்டி ஒவ்வொன்றிலும் அவர்தான் இருந்தார். காஸ் லொறியில் இருந்தார். பேக்கரிப் பாண்காரரின் முச்சக்கர வண்டியில் இருந்தார். லயத்தில் போன் சிக்னல் வராது, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால்தான் வரும். வண்டி ஏதாவது வந்தால் அங்கே ஓடிப்போய் எனக்கு மிஸ்கோல் கொடு என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன்.

"எனக்கு இழுப்பு. ஓடிப்போனா பிஸ்கால் வர்றதுக்கு முன்னாடி நான் போய்ச் சேர்ந்துருவேன்" என்றாள் அவள். "நாய் கொலச்சாலும் ஒங்களுக்குப் பிஸ்கால்தான்."

கடையில் முதலாளி ஒரு யோசனை சொன்னார். அவருடைய காணி வழக்கைப் பேசுகிற லோயரையே பிடிக்கலாமாம். "அந்தாளு எந்திரிச்சுக் கத்துனா ஜன்னல் கண்ணாடி ஆடும்" என்றார். முதலாளி சொல்லி மறுத்தால் வேலைக்கு ஏதும் வருமோ என்று எனக்கு அது வேறு பயம். வீட்டில் வந்து சொன்னேன்.

"கத்துறதுக்கு நம்ம தலைவரு இருக்காரே" என்றாள் மனைவி. "டவுன் லோயரு கொழும்புல ஒரு லோயரும்மா பேரு சொன்னாருல்ல, அங்க போங்க. போயி மூணு கேள்வி கேளுங்க. இந்த மாதிரி வழக்கு பேசியிருக்கீங்களான்னு கேளுங்க. தோத்திருக்கீங்களான்னு கேளுங்க. அன்னைக்கி நீங்களே வந்து நிப்பீங்களா, இல்ல வேற ஆள அனுப்புவீங்களான்னு கேளுங்க."

"லோயரு நம்மளக் கேக்குறதா, நாம லோயரக் கேக்குறதா?"

"தச்சுக் குடுக்குறவகிட்ட நூறு கேள்வி கேக்குறாங்க. வீட்டைக் காப்பாத்துறவங்ககிட்ட மூணு கேக்கக் கூடாதா?"

காசு விஷயத்தை அவளும் அவள் தம்பியும் பார்த்துக்கொண்டார்கள். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

தோட்டத்தில் எந்தக் காரியத்துக்குப் போனாலும் தலைவரோடுதான் போவோம். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். ஆபீசுக்கு, பொலிசுக்கு, ஆஸ்பத்திரிக்கு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, எல்லாவற்றுக்கும் அவர்தான் முன்னால் போவார். நாங்கள் பின்னால் நிற்போம். பேச்சு அவருடையது. தலையாட்டுவது எங்களுடையது. அவர் பேச்சுக்கு ஒரு முறை உண்டு. தொரையிடம், அதுதான் தோட்ட மேனேஜரிடம், போகும்போது உள்ளதை உள்ளபடி சொல்லமாட்டார். ஒரு காம்பராவில் ஒழுகினால் ஒரு லயமே ஒழுகுகிறது என்பார். தொரை பாதியை நம்பி, அதில் பாதியைச் செய்து கொடுப்பார். அந்தக் கால் பங்குதான் எங்களுக்கு வேண்டியிருந்ததாக இருக்கும். இதைப் பொய் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. பேசத் தெரிந்தவர் பேசுகிற விதம் அது. தொரைக்கும் அது தெரியும்.

விடியக்காலையில் தலைவரும் நானும் புறப்பட்டு, ஹட்டன் ஸ்டேஷனில் கொழும்புக் கோச்சி பிடித்தோம். தலைவர் வெள்ளைச் சட்டை போட்டு, அக்குளில் கறுப்புப் பை வைத்திருந்தார். நான் வழியெல்லாம் மூன்று கேள்வியையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"என்ன தம்பி, மந்திரமா?" என்றார் தலைவர்.

"ஒண்ணுமில்லைங்க தலைவரே."

"நீங்க ஒண்ணும் பேச வேணாம். நான் பாத்துக்கிறேன். நீங்க பேசுனா லோயரும்மா பயந்துரும்."

கொழும்பில் புதுக்கடை என்கிற பகுதியில், கோர்ட்டுகளுக்கு எதிரே ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் லோயரம்மாவின் அறை இருந்தது. நான் நினைத்து வைத்திருந்தது ஒரு பெரிய மேசை, பெரிய குரல். உள்ளே வயதான ஓர் அம்மா, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மீன் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கறுப்பு அங்கி ஒரு சீலைக்கடைப் பையில் மடித்துக் கிடந்தது. இருமிக்கொண்டிருந்தார். இவர்தானா, அல்லது இவருடைய அக்காவா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

"இருங்கோ" என்றார். "தேத்தண்ணி குடிச்சனீங்களோ?"

யாழ்ப்பாணத்துப் பேச்சு. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்குப் படிப்பித்த மாஸ்டரும் அப்படித்தான் பேசுவார். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கையை நீட்டத் தோன்றும், அடி வாங்க. நான் உட்காரவில்லை. தலைவர் உட்கார்ந்து, பையைத் திறந்து, தொடங்கினார்.

நன்றாகவே சொன்னார். மாமனார் காலம், மனைவியின் உழைப்பு, அறிவித்தல், கோர்ட்டு எல்லாம் வரிசையாக வந்தது. பிறகு அந்த மழை நாளுக்கு வந்தார்.

"இருவது முப்பது பேரு வந்தாங்கம்மா. கூரை மொத்தத்தையும் பேத்துப் போட்டாங்க. இவரு சம்சாரம் தடுக்கப் போச்சு. புடிச்சுத் தள்ளி, அடிச்சு, ஆஸ்பத்திரியில அல்லவா கெடந்துச்சு அது."

அம்மா எழுதிக்கொண்டே இருந்தார். பேனா நிற்கவில்லை. என் காதுக்குள் ரயில் ஓடுவது மாதிரி இருந்தது. தலைவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு களங்கமும் இல்லை. எனக்காகத்தான் சொல்கிறார். இரண்டு தகரம் என்று சொன்னால் இந்த அம்மா எங்களை ஏறெடுத்துப் பார்ப்பாரா? கொழும்பில் இருக்கிற பெரிய கோர்ட்டு இரண்டு தகரத்துக்காகக் கூடுமா? தலைவர் சொல்கிறபடி இருந்தால்தான் வீடு நிற்கும் என்றும் தோன்றியது. அதே நேரம் அந்த உரப்பை கண் முன்னால் வந்தது.

"வேற ஏதும் சொல்ல இருக்கோ?" அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

மூன்று கேள்வியில் இரண்டு மறந்துவிட்டது. மிச்சமிருந்ததுதான் வாயில் வந்தது.

"நீங்க தோத்திருக்கீங்களாம்மா?"

தலைவர் என் முழங்கையைக் கிள்ளினார். அம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"தோத்திருக்கிறன். போன வருசமும் ஒண்டு. உங்கட மாதிரித்தான், ஒரு வீட்டு வழக்கு. நல்ல வழக்கு. ஆனால் கடதாசியில ஒரு வசனம் பிழை. ஆக்கள் எனக்குச் சொன்னதை நான் நம்பிப் போட்டன். மற்றப் பக்கம் எழும்பி அது பொய்யெண்டு காட்டிச்சினம். அதுக்குப் பிறகு நீதியரசர் மிச்சம் ஒண்டையும் கேக்கேல்லை. அண்டைக்கே வழக்கைத் தள்ளுபடி செய்திட்டார்."

"ஒரு வசனத்துக்கா?"

"ஓம். மேன்முறையீட்டில சாட்சிக்கூட்டில ஏத்தி ஒருத்தரையும் விசாரிக்கமாட்டினம். நீங்கள் குடுக்கிற சத்தியக்கடதாசிதான் உங்கட வாய். ஒரு இடத்தில பொய் சொன்ன வாயெண்டால் பிறகு திறக்க விடமாட்டினம்." பேனாவை எடுத்தார். "அப்ப, உங்கட மனுசியை அடிச்சதை நீங்கள் கண்ணால கண்டனீங்களோ?"

ஓம் என்றால் வீடு பறிபோகலாம். இல்லை என்றால் தலைவர் போவார். தலைவர் போனால் தோட்டத்தில் எங்களுக்கு ஆள் இல்லை. நாளைக்கு இழுப்பு வந்து ராத்திரியில் லொறி கேட்க வேண்டும் என்றால் யாரிடம் போவது? இதெல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. பயந்தவனுக்கு இதில் ஒரு வசதி, எல்லாப் பக்கமும் பயம் இருந்தால் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒன்றுதான்.

"இல்லைங்கம்மா" என்றேன். "யாரும் அடிக்கல. ரெண்டு தகரந்தான் கழட்டுனாங்க. மூணு பேருதான் வந்தாங்க."

தலைவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார்.

"இவரு பயந்த ஆளுங்கம்மா" என்றார். "கேட்டா இல்லேன்னுதான் சொல்லுவாரு."

"ஐயா, நீங்கள் கீழ போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ" என்றார் அம்மா. மரியாதையாகத்தான் சொன்னார். தலைவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் படியில் இறங்குகிற சத்தம் முடியும் வரைக்கும் நான் படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அம்மா எழுதின தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார். என்னைப் பாராட்டுவார் என்று நான் நினைத்திருந்தால், அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

"இனி எல்லாத்தையும் திரும்பக் கேக்கவேணும்" என்று அலுத்துக்கொண்டார். "எது சரி, எது கூட்டிச் சொன்னதெண்டு எனக்கு இப்ப தெரியேல்லை. முதலில இருந்து சொல்லுங்கோ. இருந்து சொல்லுங்கோ."

உட்கார்ந்தேன். மழை, ஏணி, போனில் படம் எடுத்தது எல்லாம் சொன்னேன். ஆஸ்பத்திரி இழுப்புக்காக என்றும், அது ஒரு வாரம் கழித்து என்றும் சொன்னேன். வாச்சர் உரப்பையால் மெஷினை மூடினதைச் சொல்லலாமா என்று தயங்கினேன். அதையும் சொன்னேன். அம்மா அதை எழுதிக் கீழே கோடு போட்டார்.

"அதையும் போடணுமாங்க? அவங்க நல்லவங்கன்னு ஆயிறாதா?"

"ஆகட்டும். நாங்களே முதலில சொல்லிட்டால் அதில அவைக்கு ஒரு லாபமும் இல்லை." பேனாவை என் பக்கம் நீட்டினார். "எனக்கு வேண்டியது ஒண்டுதான். அவையள் தகரம் கழட்டின நேரம் கோர்ட்டு உத்தரவு இருந்ததோ?"

"இல்லைங்க. அறிவித்தலே அதுக்குப் பொறகுதான் வந்துச்சு."

"அப்ப எந்தச் சட்டத்தில கழட்டினவை? உங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்ல இடம் குடுத்தவையோ? அதைத்தான் நான் கேக்கப்போறன். ரெண்டு தகரமெண்டாலும் கேக்கலாம்."

எழும்பும்போது இன்னொரு கேள்வி ஞாபகம் வந்தது. "அன்னைக்கி நீங்களே வந்து நிப்பீங்களாம்மா?"

"நான்தான் வருவன். எனக்குக் காய்ச்சலெண்டால் மட்டும் வேறொராள்." இருமினார். "அந்தத் தகரத்தைத் திருப்பிப் போடாதேங்கோ. எப்பிடி இருக்கோ அப்பிடியே இருக்கட்டும். விளங்குதோ?"

விளங்கியது. ஆனால் படியிறங்கும்போது அந்த இருமல் என் பின்னாலேயே வந்தது.

திரும்பி வரும் கோச்சியில் தலைவர் என் எதிரேதான் உட்கார்ந்திருந்தார். நாவலப்பிட்டி தாண்டி, மலை ஏறத் தொடங்கிய பிறகுதான் வாய் திறந்தார்.

"அந்தம்மா முன்னாடி என்னயப் பொய்யனாக்கிட்டீங்க."

"இல்லைங்க தலைவரே..."

"நான் யாருக்காகச் சொன்னேன்? எனக்கா வீடு போகுது?"

"எனக்காகத்தாங்க."

"இத்தன வருசமா இப்புடித்தான் பேசி வாங்கிக் குடுத்தேன். ஒருத்தனும் இல்லைங்கம்மான்னு சொன்னதில்ல." சன்னல் பக்கம் திரும்பினார். "அந்தக் கோர்ட்டுல வேற மாதிரி பேசணும்னு எனக்கு யாரு சொன்னா? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

முன்னாடி எனக்கும் தெரியாது என்று சொல்ல வந்தேன். அதற்குள் அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஹட்டனில் இறங்கி, என்னை விட்டு முன்னால் நடந்து போய்விட்டார்.

வீட்டில் எல்லாம் சொன்னேன். மனைவி கேட்டுக்கொண்டே பட்டன் தைத்தாள்.

"சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. என்னய அடிச்சுப்புட்டு அவன் முழுசா வீடு போயிருப்பானா? அந்தக் கோர்ட்டு நம்பினாலும் லயத்துல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க" என்றாள். பிறகு, "அந்தம்மாவுக்குக் காய்ச்சல் வந்தா?" என்று அவளே கேட்டாள். அதுவரை அந்தப் பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

"இருமுறாங்க."

"கொத்தமல்லி கொஞ்சம் குடுத்துட்டு வந்திருக்கலாம்."

சத்தியக்கடதாசியைத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். வழக்கைக் கோர்ட்டில் கொடுத்தாயிற்று என்று அம்மாவின் ஆபீசிலிருந்து சொன்னார்கள். கூப்பிடும் தேதிக்குக் காத்திருக்க வேண்டும். தலைவர் எங்கள் இஸ்தோப்புப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் என்னைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதாகவும் தெரியவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. திட்டினாலாவது என்ன நினைக்கிறார் என்று தெரியும்.

ஒரு நாள் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருக்கும்போது மிஸ்கோல் வந்தது. எடுப்பதற்குள் இன்னொன்று, பிறகு இன்னொன்று. திருப்பி எடுத்தால் தொடர்பு இல்லை. தராசில் ஆணியை அப்படியே விட்டுவிட்டு, முதலாளியிடம் சொல்லாமல் முச்சக்கர வண்டியில் ஏறிவிட்டேன். வழியெல்லாம், என் மனதில், சாமானை ரோட்டில் அடுக்கிவிட்டார்கள். மெஷின், கட்டில், சாமி படம், எல்லாம் மழையில். இவள் அதன் பக்கத்தில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். டிரைவர் பாட்டுப் போட்டார். நிறுத்தச் சொன்னேன்.

ரோட்டில் ஒன்றும் இல்லை. கீழே இறங்கினால், எங்கள் இஸ்தோப்பில் தலைவர் உட்கார்ந்து பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டுப் போயிட்டாரு" என்றாள் மனைவி. குரல் அவளுடையது மாதிரி இல்லை.

பிஸ்கால் வந்திருந்தார். இடத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் பொலிசோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாராம். இவளுக்குச் சிங்களம் அரைகுறை. பக்கத்து வீட்டுப் பிள்ளை தலைவரிடம் ஓடியிருக்கிறது. அவர் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிற மலையிலிருந்து வந்து, பிஸ்காலோடு சிங்களத்தில் பேசியிருக்கிறார்.

"என்னங்க சொன்னீங்க?" என்று கேட்டேன். அதைக் கேட்கவும் பயமாகத்தான் இருந்தது.

தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கொழும்புல வழக்கு இருக்கு, கூப்புடுற தேதி இன்னது, லோயரும்மா பேரு இன்னது. அவ்வளவுதான் சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தி, வேறு பக்கம் பார்த்தபடி, "ஒண்ணும் கூட்டிச் சொல்லல" என்றார்.

"அந்தாளு மூஞ்சியப் பாத்தா, கூட்டிச் சொன்னாலும் கழிச்சுக்குற ஆளுதான்" என்றாள் மனைவி. தலைவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை.

கூப்பிடும் தேதி பிஸ்கால் சொன்ன நாளுக்கு முந்தி வந்தது. தலைவரும் வந்தார். இந்தத் தடவை பை இல்லாமல். கோர்ட்டில் எல்லாம் இங்கிலீஷ். எங்களுக்கு முதுகுகள்தான் தெரிந்தன. கறுப்பு முதுகுகளில் எங்கள் அம்மாவுடையது சின்னது, கொஞ்சம் கூனல். பேசத் தொடங்கும் முன் இருமினார். காய்ச்சல்தான் வந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு பேசினார். கத்தவில்லை. பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கிற குரல்.

தோட்டக் கம்பெனியின் லோயர் எழுந்து, சில படங்களை எடுத்து முன்னால் கொடுத்தார். ஒன்று அவர் கையில் இருந்தபோது எனக்குத் தெரிந்தது. எங்கள் சாய்ப்பு. ஏணி. குடையோடு என் மனைவி, வாய் திறந்தபடி. ஒரு வாச்சர் குனிந்து மெஷினை மூடுகிறார். அன்றைக்கு எடுத்த படம். யாரையும் ஒன்றும் செய்யவில்லை, மரியாதையாக நடந்துகொண்டோம் என்று காட்டுவதற்காகக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

தலைவர் என் பக்கத்தில் இருந்தார். அவரும் பார்த்தார். நாங்கள் கொடுத்த கடதாசியில் அன்றைக்கு அவர் சொன்னது இருந்திருந்தால், அந்த ஒரு படத்தோடு வீடு முடிந்திருக்கும்.

அம்மா திரும்ப எழுந்தார். படத்தைப் பற்றி ஏதோ சொன்னார், சிறிதாக. நீதியரசர் கம்பெனி லோயரிடம் ஏதோ கேட்டார். கம்பெனி லோயர் கடதாசியைப் புரட்டினார். இன்னொரு தடவை கேட்டார். மறுபடி புரட்டினார்.

வெளியே வந்து அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"படம் எடுத்தது கோர்ட்டு உத்தரவுக்கு முந்தித்தானே எண்டு கேட்டவர். ஓம் எண்டு சொல்லவேண்டி வந்திட்டுது. அவையளே எங்களுக்குச் சாட்சி கொண்டுவந்து தந்திட்டினம்." அங்கியைக் கழற்றிச் சீலைக்கடைப் பையில் மடித்து வைத்தார். "வழக்கு முடியுமட்டும் தடை இருக்கு. ஒருத்தரும் உங்களை வீட்டை விட்டு எழுப்பேலாது."

"வழக்கு எப்பம்மா முடியும்?"

"அதை என்னட்டைக் கேக்காதேங்கோ."

"முடிஞ்சா நாம ஜெயிப்போமா?"

"அதையும் கேக்காதேங்கோ" என்றார். கோபமில்லை. பிறகு தலைவரைப் பார்த்து, "தேத்தண்ணி குடிச்சனீங்களோ, ஐயா?" என்றார். தலைவர், "நான் கீழயே குடிச்சுக்கிறேங்கம்மா" என்றார். அம்மாவுக்குச் சிரித்து இருமல் வந்துவிட்டது. கொத்தமல்லிப் பொட்டலத்தை அப்போதுதான் கொடுத்தேன். தடை உத்தரவின் பிரதி பிஸ்காலுக்குப் போய்ச் சேருமா, வழியில் தங்கிவிடுமா என்று ஹட்டன் வரும்வரை கவலைப்பட்டேன். போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த வாரம் அவர் வரவில்லை.

வழக்கு இன்னும் நடக்கிறது. தேதி வருகிறது, தள்ளிப்போகிறது. இரண்டு தகரமும் சுவரில் சாய்ந்தபடியே, ஓரம் துருவேறி இருக்கின்றன. போடக்கூடாது என்று அம்மா சொன்னதால் போடவில்லை. சாய்ப்பில் அந்த இடத்தில் வானம் தெரியும். மழை வந்தால் மெஷினை உள்ளே இழுத்துக்கொள்கிறோம். உரப்பையால் மூடின வாச்சர் ஒரு நாள் வழியில் நின்று, "இன்னுமா போடல? நான் வந்து மாட்டித் தரவா?" என்று கேட்டார். மாட்டினால் வழக்குப் போய்விடும் என்று மனைவி சொல்லியிருக்கிறாள். அவர் அந்த ஓட்டையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாராம்.

மேலே ரோட்டில் வண்டி நிற்கிற சத்தம் கேட்டால் நான் இப்போதும் எழுந்துவிடுகிறேன். தடை உத்தரவு இருக்கிறது என்று தெரியும், பிரதி தகரப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியும், ஆனாலும் கால் தானாகப் படிக்குப் போகும். மனைவி தடுப்பதில்லை.

"போய்ப் பாத்துட்டு வாங்க" என்கிறாள், மெஷினை நிறுத்தாமல். "வரும்போது ரோட்டோரத்துல கட்டி வச்சிருக்கேன், அந்த வெறகையும் தூக்கிட்டு வாங்க."